கல்லக்கா பதில்கள்: வழியில் கிடக்கும் கல் யாருக்குச் சொந்தம்?

நகரியில் வசிக்கும் கல்லக்கா, திருப்பதியில் ஒரு கல்லூரியின் நிலவியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழக எல்லையோர வாசகர்களின் கல், மண், கனிமக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் வார இறுதியில் சுத்தியலோடு அரசு நிலத்துக்குப் போய்க் கல் பொறுக்கி வருகிறார். அங்கே சட்டப்படியே அதற்கு இடம் உண்டாம். நம் பக்கம் புறம்போக்கு, ஏரி, நெடுஞ்சாலை வெட்டு எல்லாம் திறந்துதானே கிடக்கிறது? நானும் எடுக்கலாமா அக்கா?
*வாசகர், புத்தூர்*

மைத்துனர் சொல்வது சரிதான் தம்பி. அங்கே மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை வைத்திருக்கும் நிலங்களில் பல இடங்களில், விற்காமல், சொந்த ஆசைக்கு நியாயமான அளவு எடுத்துக்கொள்ளலாம். கல்லாகிப்போன மரத்துக்கு எடைக்கணக்கே எழுதி வைத்திருக்கிறார்கள்: ஒரு நாளைக்கு 25 பவுண்டும் ஒரு துண்டும், ஒரு வருஷத்துக்கு 250 பவுண்டு. ஆனால் அந்த விதியை விமானத்தில் ஏற்றி ரேணிகுண்டாவில் இறக்க முடியாது.

நம் ஊரில் 1957ஆம் வருஷத்துக் கனிமச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் கனிமம் தேடக்கூடாது, வெட்டக்கூடாது, ஏற்றிச் செல்லக்கூடாது, சேர்த்து வைக்கக்கூடாது என்கிறது அது. மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை. விதிவிலக்குப் பட்டியலில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை, அணுக் கனிம இயக்ககம் போன்றவர்கள் இருக்கிறார்கள். உங்களையும் என்னையும் போன்ற கல் பைத்தியங்களின் பெயர் அதில் இல்லை. சட்டம் லாரியை நினைத்து எழுதப்பட்டது. சட்டைப்பையை அது யோசிக்கவே இல்லை. அதனால் கைக்கு அடக்கமான ஒரு உதிரிக் கல்லைப் பார்த்து யாரும் வழக்குப் போடுவதில்லை. அதற்காக அது உங்கள் உரிமை என்று வாதாடிக்கொண்டும் நிற்க முடியாது.

புறம்போக்கு என்றால் யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். அது அரசுக்குச் சொந்தமான நிலம். மேய்ச்சல் புறம்போக்கு என்றால் ஊராருக்கும் அதில் பாத்தியதை உண்டு. கிராம வருவாய் அலுவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். பட்டா நிலமானால் வேலை சுலபம். வரப்பில் நின்று "அண்ணா, இந்த வெங்கச்சாங்கல்லில் ஒன்று எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால், "பூராவும் அள்ளிக்கிட்டுப் போம்மா, ஏர் மாட்டுது" என்பார்கள். எனக்கு நல்ல மாதிரிகள் கிடைத்தது பெரும்பாலும் இப்படி விவசாயிகள் பொறுக்கி வரப்போரம் குவித்த கற்களிலிருந்துதான்.

காடு வேறு சங்கதி. வனச் சட்டங்களில் வன விளைபொருள் என்பது மரமும் தேனும் மட்டுமில்லை. பாறை, கனிமம், மேல்மண் எல்லாம் அதில் அடக்கம். காப்புக்காட்டுக்குள் ஒரு கூழாங்கல்லைக்கூடத் தொடாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். சேஷாசலம் பக்கம் முதுகுப் பையும் இரும்புச் சாமானுமாகத் தமிழ் பேசிக்கொண்டு திரிந்தால், செம்மரத்துக்கு வந்த ஆள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். 2015 ஏப்ரலில் அந்தக் காட்டில் இருபது தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை எல்லையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் யாரும் மறக்கவில்லை. கல் ஆசைக்கு அந்த மலை வேண்டாம்.

திருமலை மலைப்பாதை ஓரத்தில் பாறையைச் சுரண்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கீழே கிரானைட், அதன் தலைமேல் குவார்ட்சைட் (மணல் இறுகிக் கெட்டிப்பட்ட கல்), இரண்டும் உண்டான காலத்துக்கு நடுவே சுமார் 80 கோடி வருஷ இடைவெளி. உலகத்தில் நிலவியல் படிப்பவர்கள் தேடி வந்து பார்க்கும் இடம் அது. நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்த பாறை. படம் எடுங்கள், போதும்.

நெடுஞ்சாலை வெட்டில் செங்குத்துப் பாறையைத் தட்டாதீர்கள். அடியில் உதிர்ந்து கிடப்பதைப் பாருங்கள். மேலே நிற்கிற கல் எப்போது இறங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

குப்பம் அருகே பாலாற்று மணலில் தங்க நிறத்தில் மின்னும் செதில்கள் கிடைத்தன. பக்கத்திலேயே தங்கச் சுரங்கம் இருந்த ஊர் என்பதால் வீட்டில் ஒரே பரபரப்பு. ஒரு டப்பா நிறையச் சேர்த்துவிட்டோம்.
*கல்லூரி மாணவி, குப்பம்*

டப்பா நிறைய வந்ததே விடை அம்மா. தங்கம் டப்பா நிறைய வராது. அது காக்காப்பொன். கருப்பு மைக்கா வெயிலிலும் மழையிலும் நைந்தால் இப்படித்தான் பொன்னிறம் ஏறும்.

பரபரப்புக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. 2001இல் மூடப்பட்ட கோலார் தங்க வயலின் பாறை வரிசை தெற்கே நீண்டு உங்கள் ஊர்ப் பக்கம் சிகர்குண்டா, பிசாநத்தம் வரை வருகிறது. அங்கேயும் சுரங்கம் நடந்தது. ஆனால் அந்தத் தங்கம் வெள்ளைப் படிகக்கல் நரம்புகளுக்குள் கண்ணுக்கே தெரியாத துகளாக இருக்கும்.

சோதனை சொல்கிறேன். ஒரு செதிலை வெயிலில் வைத்துத் திருப்புங்கள். மைக்கா ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி, அடுத்த கோணத்தில் அணைந்துபோகும். தங்கத்துக்கு நிழலிலும் அதே நிறம். அடுத்து ஒரு தட்டில் தண்ணீர் விட்டு ஆட்டுங்கள். மைக்கா நீந்தும். தங்கம் போட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும். கடைசியாக ஊசி. குத்தினால் மைக்கா ஏடு ஏடாகப் பிரியும், தங்கம் குழியும், பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கல்லாக இருந்தால் நொறுங்கும். குளியலறை டைலின் பின்பக்கம், மெருகில்லாத பக்கத்தில், பைரைட்டைத் தேய்த்தால் பச்சை கலந்த கருப்புக் கோடு விழும். தங்கம் மஞ்சள் கோடுதான் போடும். எங்கள் ஆய்வகத்தில் இதற்கென்று தனிப் பீங்கான் தகடு வாங்குவார்கள். உடைந்த டைல் துண்டு அதே வேலையை இலவசமாகச் செய்கிறது.

ஒரே ஒரு கண்டிப்பு. பழைய சுரங்கத்தின் கழிவு மேடுகளில் ஏறி விளையாடாதீர்கள். தங்கம் பிரிக்கச் சயனைடு பயன்படுத்திய ஆலைகளின் பொடி அது. வேலி இல்லை என்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. காற்றடிக்கும் நாளில் அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது.

சைதாபுரம், கூடூர் பக்கம் கைவிட்ட மைக்கா குழிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக ஆசை. என்னென்ன கிடைக்கும்? எதைப் பார்த்து எடுப்பது?
*பள்ளி ஆசிரியர், சூளூர்பேட்டை*

என் மனசுக்குப் பிடித்த இடத்தைக் கேட்டுவிட்டீர்கள் ஐயா. நெல்லூர் மைக்கா பச்சை. பீகார், ஜார்க்கண்ட் பக்கத்து மைக்கா மாணிக்கச் சிவப்பு. நம்முடையதை அடுக்கோடு வெளிச்சத்தில் பிடித்தால் பாசிப் பச்சை தெரியும். எங்கள் ஆய்வகத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு 'புக்கு' இருந்தது. மைக்கா தொழிலில் அடுக்கோடு வரும் கட்டியைப் புக்கு என்றுதான் சொல்வார்கள். புதிதாகச் சேரும் மாணவர்கள் ஆளுக்கு ஒரு ஏடு உரித்து உரித்து, பத்தாண்டில் அது நோட்டுப் புத்தகம் கணக்கு மெலிந்துபோனது.

அங்கே பாறையின் பெயர் பெக்மடைட். உருகிய கிரானைட் குழம்பின் கடைசி மிச்சம், நீராவி நிறைந்தது, பிளவுகளில் புகுந்து ஆறியது. தண்ணீர் அதிகமாக இருந்ததால் அணுக்கள் தாராளமாக நகர்ந்து பெரிய பெரிய படிகங்களாகச் சேர்ந்தன. அதனால்தான் அங்கே குழந்தைகூடக் கண்ணால் கனிமத்தைப் பிரித்துப் பார்க்க முடிகிறது. சாதாரணக் கருங்கல்லில் லென்ஸ் வேண்டும்.

குவியலில் முதலில் கண்ணில் படுவது வெள்ளை. அதில் இரண்டு வகை. உடைந்த முகம் வழவழவென்று வளைந்து, கண்ணாடிச் சில்லு மாதிரி இருந்தால் குவார்ட்ஸ், அதாவது வெங்கச்சாங்கல். உடைந்த முகம் தட்டையாக, படிக்கட்டு போல ஏறக்குறைய செங்கோணத்தில் இறங்கினால் ஃபெல்ட்ஸ்பார். பிள்ளைகளுக்கு இந்த ஒரு வேறுபாட்டைக் கையில் கொடுத்துக் காட்டிவிட்டால் போதும், அன்றைய பயணம் வீண்போகாது. கரிக்குச்சி போல நீளவாக்கில் கோடு கோடாக, குறுக்கே பார்த்தால் உப்பிய முக்கோணமாக இருப்பது கருப்பு டூர்மலின். சிவப்புக் குண்டுமணிகள் கார்னெட். ஆறு பட்டையில் வெளிர்பச்சைக் குச்சி கிடைத்தால் பெரில். அதுதான் தெளிவாகவும் நீலமாகவும் அமைந்தால் அக்வாமரீன். ஆனால் குவியலில் கிடப்பது பெரும்பாலும் கலங்கலாகத்தான் இருக்கும்.

காலை வெயில் சாய்வாக விழும்போது, சூரியனைப் பார்த்தபடி நடக்கச் சொல்லுங்கள். மைக்காவும் படிக முகங்களும் தானே கூப்பிடும். முதல் நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது.

இனி பயப்பட வேண்டிய பகுதி. குழிகளில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. ஓரத்து ஃபெல்ட்ஸ்பார் நைந்து வெள்ளைக் களிமண்ணாகியிருக்கும். பார்வைக்குப் பாறை, காலுக்குச் சேறு. குழியின் விளிம்பிலிருந்து தள்ளி இருக்கும் குவியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கல் உடைத்தால் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம், உடைக்கும் முன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் போனால் வெளியே வருவதில்லை.

அனுமதி? குத்தகை யார் பெயரில் இருக்கிறது என்று சுரங்கத் துறை அலுவலகத்தில் கேட்டு, அவர்களிடம் பள்ளிக் கடிதம் கொடுத்துவிட்டுப் போங்கள். மைக்கா, குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், பேரைட் நான்கையும் 2015இல் சிறு கனிமம், அதாவது மாநில அரசு விதி போடும் கனிமம், என்று மாற்றினார்கள். 2025 பிப்ரவரியில் மறுபடி பெருங்கனிமப் பட்டியலுக்கே கொண்டுபோய்விட்டார்கள். சைதாபுரம் பக்கம் வெள்ளைக்கல்லுக்கு இப்போது நல்ல கிராக்கி, திருட்டு வெட்டு வழக்குகளும் நடக்கின்றன. ஆகவே மூட்டை கட்டாதீர்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கல்.

எங்கள் கொல்லைமேட்டில் செம்மண்ணுக்குள் நீர்த்துளி வடிவத்தில் ஒரு பழுப்புக் கல். இரண்டு பக்கமும் செதுக்கினது மாதிரி இருக்கிறது. இது என்ன கனிமம்?
*வாசகி, திருத்தணி வட்டம்*

கல் குவார்ட்சைட். ஆனால் உங்கள் கேள்வியின் பதில் அதில்லை. படத்தைப் பார்த்தால், இரு முகத்திலும் சில்லு பெயர்த்த தழும்புகள் வந்து ஒரே விளிம்பில் கூடுகின்றன. ஓடையில் உருண்டு உடைந்த கல்லில் அந்த ஒழுங்கு வராது. அது கற்காலக் கைக்கோடரியாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

உங்கள் பக்கம் அதற்குப் பேர்போன பூமி. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் 1863இல் பல்லாவரத்தில் முதல் கருவியைக் கண்டெடுத்து, அதே வருஷம் அத்திரம்பாக்கத்துக்கும் வந்தார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழையவை சுமார் 15 லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011இல் ஆய்வு வெளியானது. இந்த வட்டாரத்தில் குவார்ட்சைட் கூழாங்கல்லுக்குப் பஞ்சமே இல்லை. தட்டினால் கூர்மையாகச் சில்லு விடும் கல். அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் அவர்கள்.

இதைச் சேகரிப்பில் சேர்க்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். நூறு வருஷம் தாண்டிய பொருளுக்கே 1972இன் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. இது எவ்வளவு பழையது என்று பாருங்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், பக்கத்தில் வேறு சில்லுகள் உண்டா என்று குறித்து, படத்தோடு பூண்டி அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள். மேற்கொண்டு தோண்ட வேண்டாம். மண்ணுக்குள் அது படுத்திருந்த கிடைதான் ஆய்வாளருக்குப் பாதிச் செய்தி.

மணவாளக்குறிச்சி கடற்கரையில் சிவப்பும் கருப்புமாக மணல். ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கலாமா?
*வாசகர், களியக்காவிளை*

வேண்டாம். சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட், கூடவே தேன் நிறத்தில் மோனசைட் கலந்திருக்கும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது, அதை வைத்திருக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலிலிருந்துதான் இது நம் கரையில் இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு வாங்கப் போய்த் தோரியம் கிடைத்த கதை. நீங்கள் லென்ஸோடு போய் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே உதறிவிடுங்கள்.

மழை விழுந்ததும் வஜ்ரகரூருக்கு வைரம் பொறுக்கப் போகலாம் என்று மச்சான் வண்டி பேசிவிட்டார். நானும் போவதா? கண்ணாடியைக் கீறினால் வைரம் என்கிறாரே?
*வாசகர், சித்தூர்*

மச்சானிடம் ஒரு வெங்கச்சாங்கல்லைக் கொடுத்துக் கண்ணாடியைக் கீறச் சொல்லுங்கள். அதுவும் கீறும். கண்ணாடியின் கடினம் ஐந்தரை, குவார்ட்ஸ் ஏழு. கார்னெட்டும் கீறும், புஷ்பராகமும் (டோபாஸ்) கீறும். இந்த ஒரு சோதனையை நம்பி எத்தனை பேர் கூழாங்கல்லை லாக்கரில் வைத்திருக்கிறார்களோ.

வைரம் அங்கே கிடைப்பது உண்மை. அனந்தபூர் பக்கத்து வஜ்ரகரூரில் கிம்பர்லைட் குழாய்கள் இருக்கின்றன. பூமியின் அடியாழத்திலிருந்து வைரத்தைத் தூக்கிக்கொண்டு வந்த எரிமலைப் பாறை அது. அது நைந்து மண்ணோடு கலந்து, முதல் மழையில் கழுவிக்கொண்டு மேலே தெரிகிறது. அங்கேயும் கர்நூல் பக்கம் ஜொன்னகிரி, துக்கலியிலும் மழைக்காலம் தொடங்கினால் கூட்டம் கூடிவிடுகிறது. ஆனால் அந்த நிலங்கள் விவசாயிகளுடையவை. விதைக்கப் போகும் நேரத்தில் ஊரே வந்து மிதித்தால் அவர் என்ன செய்வார்? கிடைத்த கல்லை ரசீது இல்லாமல் வியாபாரிக்குக் கைமாற்றுவதும் சட்டத்துக்குள் வராது. மச்சான் போகட்டும். பெட்ரோல் செலவை மட்டும் நீங்கள் பங்கு போடாதீர்கள்.

வீட்டில் கிடக்கும் கல்லைச் சோதிக்க ஒரு நல்ல வழி சொல்கிறேன், இது வைரத்துக்கு மட்டுமில்லை. சமையலறை எலக்ட்ரானிக் தராசில் கல்லின் எடையைப் பாருங்கள். பிறகு தராசில் தண்ணீர் டம்ளரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, டம்ளரின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் எடையை வகுங்கள். குவார்ட்ஸ் 2.65 வரும். வைரம், புஷ்பராகம் இரண்டும் மூன்றரையை ஒட்டி. போன இதழில் கோடூர் வாசகர் ஒருவர் "கல் இவ்வளவு கனமா?" என்று கேட்டிருந்தார். 180 கிராம் கல், தண்ணீரில் 40 காட்டியது என்றார். நாலரை. அது பேரைட். பக்கத்தில் மங்கம்பேட்டை பேரைட் சுரங்கம் இருக்க, வேறு என்னவாக இருக்கும்? எண்ணெய்க் கிணறு தோண்டும்போது சேற்றுக்குக் கனம் கூட்ட உலகம் பூராவும் போகும் கல் அது. பொடிக்கல்லுக்கு இந்தத் தராசு பத்தாது, நகைக்கடைத் தராசு வேண்டும்.

சொந்தத் தோட்டத்தில் கிணறு வெட்டியபோது வந்த படிகங்கள் எனக்குத்தானே சொந்தம்?
*வாசகர், கொழிஞ்சாம்பாறை*

மலபார் ஜன்ம (பரம்பரை முழு உரிமை) நிலங்கள் பற்றிய வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு ஆறுதல் தரும்: சட்டப்படி பறிக்கப்படாத வரை, நிலத்துக்கு உரியவரே அடிநிலத்துக்கும் உரியவர். ஆனால் சொந்தம் என்பது வேறு, வெட்டி விற்பது வேறு. விற்க உரிமம் வேண்டும். அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு யாரும் கேட்கமாட்டார்கள்.

அதில் செம்மண் கறை இருந்தால் டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர் போதும். கழிவறை ஆசிட்டை ஊற்றாதீர்கள். படிகத்தோடு கால்சைட் ஒட்டியிருந்தால் நுரைத்துக் கரைந்துபோகும். மைக்காவை ஊறவே வைக்காதீர்கள், ஏடுகளுக்குள் தண்ணீர் புகுந்தால் பாழ்.

வாட்ஸப்பில் பன்னிரண்டு படம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பெயர் சொல்லவில்லையே அக்கா?
*வாசகர், சத்தியவேடு*

எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு படத்திலும் இல்லையே தம்பி. ஆய்வகத்தில் பேராசிரியர்கள் ஓய்வு பெறும்போது அலமாரியைக் காலி செய்யும் வேலை என்னுடையது. சீட்டு ஒட்டிய சின்னக் கல் அருங்காட்சியகத்துக்குப் போகும். சீட்டு இல்லாத அழகான கல் ரோஜாத் தொட்டிக்குப் போகும்.

கல்லில் ஒரு ஓரமாக வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, காய்ந்ததும் கருப்பு மையில் எண் போடுங்கள். அதே எண்ணில் நோட்டில் எழுதுங்கள்: ஊர், மண்டலம் அல்லது வட்டம், முடிந்தால் சர்வே எண், போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை, தேதி, எந்தப் பாறையிலிருந்து வந்தது, யார் அனுமதி கொடுத்தார். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம், வெயிலில் ஒன்று, நனைத்து ஒன்று. டைலில் தேய்த்த கோட்டின் நிறமும் தராசுக் கணக்கும் இருந்தால் என் வேலை பாதியாகும். எனக்கும் புரியாவிட்டால் திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக நிலவியல் துறை, சென்னைப் பக்கம் என்றால் கிண்டியில் நிலவியல் ஆய்வுத் துறை. பார்த்துப் பழக எழும்பூர் அருங்காட்சியகம். 1851இல் அது தொடங்கியபோது முதல் சேகரிப்பே கல் மாதிரிகள்தான்.

படமும் குறிப்பும் போதும். கல்லைப் பார்சல் கட்டி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டாம். ஆசிரியர் மேல் ஏற்கெனவே நிறையக் கல் விழுகிறது.